தீ தாண்டாத தூரம்

லயத்தில் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே நீளக் கூரை, அதற்குக் கீழே குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பத்துக் காம்பரா அல்லது பன்னிரண்டு காம்பரா, இரண்டு காம்பராவுக்கு நடுவே ஒற்றைச் சுவர். பல பழைய லயங்களில் அந்தச் சுவர்கூடக் கூரைவரைக்கும் போகாமல் பாதியில் நின்றுவிடும். அதற்கு மேலே, தலைமுறை தலைமுறையாகப் புகை குடித்துக் கறுத்த மரச்சட்டங்கள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஓடும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு அடுக்கியிருப்போம். மலை மழையில் வேறெங்கே விறகு காயும்? போதாததற்கு ஒரு இணைப்பிலிருந்து நாலு பக்கம் இழுத்த மின்கம்பிகள். முதல் காம்பராவில் மின்னொழுக்கு என்றால் கடைசிக் காம்பராப் பிள்ளையின் பாடப்புத்தகமும் சேர்ந்து எரியும்.

எங்கள் லயமும் அப்படித்தான் போனது. நான் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் தம்பி குடும்பத்தோடு, அப்பா காலத்துக் காம்பராவிலேயே இருந்தேன். அது காலை நேரம். கொழுந்தெடுக்கிறவர்கள் மலையில், பிள்ளைகள் பாடசாலையில், கைக்குழந்தைகள் பிள்ளை மடுவத்தில். லயத்தில் இருந்தது எங்களைப் போன்ற கிழடுகள்தான். பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றிப் பார்த்தோம். தகரம் சூட்டில் முறுக்கிக்கொண்டு எழும்பும் சத்தத்தைக் கேட்ட பிறகு யாரும் கிட்டப் போகவில்லை. தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து சேர்ந்தபோது நனைப்பதற்குச் சாம்பல்தான் மிச்சம் இருந்தது.

யாருக்கும் உயிராபத்து இல்லை. இப்போது எல்லோரும் தனித்தனி வீட்டில் இருக்கிறோம். அதனால் ஒரு கெட்ட கதை நல்லபடி முடிந்ததாகத்தான் வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். சாம்பலுக்கும் புது வீட்டுக்கும் நடுவே இருப்பது நீண்ட வழி. சாவி கைக்கு வந்த பிறகும் அது முடிவதில்லை. எங்கேயாவது ஒரு லயம் எரிந்த செய்தி இல்லாமல் மலையகத்தில் வருடம் போவதில்லை. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கும், அவர்களுக்குத் துணையாக நிற்கப் போகிறவர்களுக்கும் சொல்ல என்னிடம் சில விஷயங்கள் இருக்கின்றன.

கேட்டுக் கொடுங்கள்

எரிந்த அன்று இரவே பாடசாலை மண்டபத்துக்கு வந்துவிட்டோம். கயிறு கட்டிச் சீலை தொங்கவிட்டால் அதுதான் குடும்பத்துக்குக் குடும்பம் சுவர். பொதுச் சமையல். ஊர் உலகத்தைக் குறை சொல்ல முடியாது. மறுநாளே லொறியில் அரிசியும் பருப்பும் மாவும் வந்தன. பக்கத்துத் தோட்டத்தார் பாய் கொண்டுவந்தார்கள், பள்ளிவாசலிலிருந்து சாப்பாடு வந்தது, பௌத்தர்களின் பன்சலையிலிருந்து ஹாமதுரு, அங்குள்ள பிக்கு, போர்வை கொண்டுவந்து கொடுத்தார். துணி மூட்டை மூட்டையாகக் குவிந்தது.

அந்தத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் ஐந்தாம் காம்பரா அக்கா உட்கார்ந்திருந்தார். ஜரிகை வைத்த சட்டை, சிப் போன கோட்டு, கலியாண வீட்டுக்கு உடுத்துகிற சீலை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். "நாலு சீலை வந்திருக்கு சேர். மலைக்குப் போக ஒரு படங்கு இல்லையே" என்றார்.

தீயைக் கண்டு மலையிலிருந்து ஓடி வந்தவர்கள் வழியில் போட்டுவிட்டு வந்தது திரும்பக் கிடைக்கவில்லை. இடுப்பில் கட்டுகிற படங்கு இல்லாமல், கொழுந்துக் கூடை இல்லாமல், மழைக்குப் போர்த்த ஒன்றும் இல்லாமல் மலைக்கு எப்படிப் போவது? போகாவிட்டால் அன்றைய வேலைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அரிசி கொடுத்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் மேல் பிழையும் இல்லை, யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் ஒரு கொப்பியில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, உடனே தேவையானது மூன்றை மட்டும் அவரவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதினோம். ஒருவருக்குக் கூடை, ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி, ஒரு பிள்ளைக்கு சாதாரண தரப் பரீட்சைக்கு வேண்டிய கடந்தகால வினாத்தாள், ஒரு தாத்தாவுக்குச் சீனி வியாதி மாத்திரை. வருகிறவர்களிடம் கொப்பியை நீட்டினோம். கொடுப்பவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது.

இழந்தவன் கையேந்தி நிற்கிறான் என்பதற்காக அவனுக்கு எது தேவை என்று நாமே முடிவெடுத்துவிடக் கூடாது. எல்லாம் போன மனிதனிடம் மிச்சம் இருப்பது தனக்கு எது வேண்டும் என்று சொல்கிற உரிமை மட்டும்தான்.

இன்னொன்று, "உயிர் தப்பிச்சதே பெருசு" என்று யாருக்கும் சொல்லாதீர்கள். அது உண்மைதான், ஆனால் அழுகிறவரின் வாயை மூட வைக்கத்தான் அது பயன்படுகிறது. ஏழாம் காம்பரா அப்பாயி சாம்பலைக் கிளறிக் கிளறித் தேடியது தன் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த பித்தளை வெற்றிலை உரலை. அது உருகி, தகரத் துண்டோடு ஒட்டிப்போய்க் கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுத அழுகையைப் பார்த்து, "இதுக்குப் போயா?" என்றான் ஒரு இளைஞன். இதற்குத்தான் தம்பி. மனிதருக்கு இழப்பு மொத்தமாக வருவதில்லை. ஒரு உரலாக, ஒரு தொட்டிலாக, ஒரு போட்டோவாகத்தான் வரும். அழுது முடிக்க விடுங்கள். அழ விடப்படாதவர்கள்தான் பத்து வருடம் கழித்தும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடதாசி

துணி போனால் துணி வாங்கலாம். எங்கள் ஆட்களுக்குக் கடதாசி போவது வேறு சங்கதி.

ஒன்பதாம் காம்பரா தாத்தா தீக்குள் ஓடப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். உள்ளே அவருடைய டிரங்குப் பெட்டி, பெட்டிக்குள் அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ். "வீடு போனா இன்னொரு லயத்துல ஒண்டிக்கலாம். அது போனா நீ ஆருன்னு கேப்பானே, என்னத்தக் காட்டுவேன்?" என்று கத்தினார். வெளியாருக்கு இது விளங்காது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பெற்றோரை ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சம் இருந்தவர்களின் கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. அத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய கடதாசி ஒருவருக்கு உயிரை விடப் பெரிதாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

அதனால் வீடு எரிந்தவர்களுக்கு என் முதல் புத்தி இதுதான். அழுகை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வாரத்துக்குள்ளேயே பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரிடம் உறுதிக் கடிதம் எடுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், அவற்றை வைத்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சேமலாப நிதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை ஒவ்வொரு வயதானவரோடும் அனுப்புங்கள். கந்தோர்களில் நாளைக்கு வா என்பார்கள். நாளைக்குப் போங்கள். தாத்தாவின் விஷயத்தில் அப்படி நடையாய் நடந்துதான் பதிவைக் கண்டுபிடித்தோம். பிரதி கையில் வந்த பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

வீடு எரியாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று கடதாசியைப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்து வைத்திருந்தவர்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். அவர்களுடையதும் எரிந்தது, வைத்திருந்தவர்களுடையதும் எரிந்தது. பிரதியை வேறு தோட்டத்தில், வேறு ஊரில் உள்ள உறவுக்காரரிடம் வையுங்கள். போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள்.

போட்டோ விஷயத்தில் எங்களுக்கு ஒரு எதிர்பாராத புண்ணியம் கிடைத்தது. ஒப்பந்தக் காலத்தில் கோச்சியேறித் தலைமன்னார் வழியாகப் போன எங்கள் சொந்தக்காரர்கள் இப்போது நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. அவர்கள் போகும்போது எங்கள் அப்பா அம்மா படத்தின் ஒரு பிரதியைக் கொண்டு போயிருந்தார்கள். இங்கே எரிந்த படம் அங்கேயிருந்து வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. குடும்பம் இரண்டு கரையில் பிரிந்து கிடந்ததை நாங்கள் சாபமாகத்தான் நினைத்திருந்தோம். அந்த ஒரு படத்துக்கு அது காவலாக இருந்திருக்கிறது.

பயத்துக்கு ஒரு வேலை

தற்காலிகக் கூடாரம், தகரக் கொட்டகை எல்லாம் தாண்டி, 7 பேர்ச் காணியில் தனி வீடு வந்தது. 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடியில் இரண்டு அறை, ஒரு வரவேற்பறை, குசினி, கழிப்பறை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய எங்களுக்கு இது என்ன என்பதை நான் விரித்து எழுத வேண்டியதில்லை. கதவில் இலக்கம் அடித்தார்கள். அதுவரைக்கும் எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் வரும். அங்கிருந்து யார் கைக்கோ போய், பாதி வந்து சேரும், நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி முடிந்து வரும். இலக்கம் உள்ள வீட்டுக்கு முதல் கடிதம் வந்த அன்று என் தம்பி மகள் அதைப் பிரிக்காமல் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டு திரிந்தாள். உள்ளே இருந்தது தண்ணீர்ப் பட்டியல்தான்.

பால் காய்ச்சினோம். அடுப்பைப் பற்றவைக்கத்தான் யாரும் முன்வரவில்லை. மங்கலக் காரியம், மூத்த சுமங்கலி செய்யட்டும் என்றார்கள். மூத்த சுமங்கலிக்குக் கை நடுங்கியது. கடைசியில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் குச்சியைப் பிடித்துப் பற்றவைத்தார்கள்.

தீயில் வீட்டைக் கொடுத்தவர்களுக்குப் புது வீட்டில் முதல் விருந்தாளி பயம்தான். ஐந்தாம் காம்பரா அக்கா வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமலே வெகுகாலம் தூங்கினார், ஓட வேண்டி வந்தால் தாழ்ப்பாள் தேட முடியாதாம். பக்கத்து மலையில் யாராவது குப்பை கொளுத்தினால் பெண்கள் கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறி நின்று எங்கே புகை என்று பார்ப்பார்கள். 2021ஆம் ஆண்டுக் கடைசியில் நாடு முழுக்க எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்தி வந்தபோது, எங்கள் வரிசையில் பலர் சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு மறுபடி விறகுக்குப் போனார்கள். 

பயந்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பயப்படாதே என்று சொல்லியும் பிரயோசனம் இல்லை. பயத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

நாலாம் காம்பராவில் இருந்த ஒரு பையன், மூன்றாம் வகுப்பு. தீக்குப் பிறகு ராத்திரி முழுக்க எழும்பி எழும்பிச் சுவிட்சுகளைத் தொட்டுப் பார்ப்பான். அவனுடைய அம்மா, "என்னா சேர், பிள்ளைக்குத் தூக்கமே இல்ல, மந்திரிக்கணுமா?" என்று கேட்டு வந்தார். மந்திரிக்கிறதைப் பிறகு பார்ப்போம் என்று பையனைக் கூப்பிட்டேன். வகுப்பில் மொனிட்டர் இருக்கிற மாதிரி உங்கள் வீட்டுக்கு நீதான் சுவிட்ச் மொனிட்டர் என்று சொல்லி, ஒரு கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தேன். படுக்கப் போகும் முன் ஸ்திரிப்பெட்டி கழற்றியதா, அடுப்பு அணைந்ததா, விளக்கு எடுத்து வைத்ததா என்று பார்த்துச் சரி போட வேண்டும். சரி போட்ட பிறகு எழும்பிப் பார்ப்பது மொனிட்டருக்கு அழகில்லை. பையன் அதைப் பிடித்துக்கொண்டான். சரி போட்டுவிட்டுத் தூங்க ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக் கொப்பியையும் அவனே எழுதினான்.

பெரியவர்களுக்கும் அதே வைத்தியம்தான். விறகை அடுப்புக்கு மேலே அடுக்கும் பழக்கத்தை விட்டு, வெளியே தகரம் போட்டு விறகு மடுவம் கட்டச் செய்தோம். ஒரு செருகியில் மூன்று நாலு கம்பி சொருகுவதை நிறுத்தினோம். ஒவ்வொரு வீட்டுக் குசினி வாசலிலும் ஒரு வாளி மணல். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி வைத்தோம். இதெல்லாம் தீயைத் தடுக்கும் என்பது ஒரு பாதிதான். என் கையிலும் ஏதோ இருக்கிறது என்று மனிதனுக்குத் தோன்றுவது அடுத்த பாதி. ஏழாம் காம்பரா அப்பாயி மணல் வாளியைத் தினமும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். இப்போது தனியாகவே பற்றவைக்கிறார்.

நடுவே விட்ட வெளி

பயத்தைச் சமாளித்த பிறகுதான் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று தலைகாட்டியது.

புது வீடுகள் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கின்றன. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் போகாது. அதற்காகத்தான் இத்தனை காலம் கேட்டோம். ஆனால் தீ தாண்டாத அந்த வெளியை இருமலும் தாண்டுவதில்லை. லயத்தில் மூன்றாம் காம்பராவில் ராத்திரி இருமினால் நாலாம் காம்பராவில் இஞ்சி தட்டுவார்கள். ஒரு வீட்டில் பிரசவ வலி கண்டால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், லயமே எழும்பிவிடும். தீப்பெட்டி தீர்ந்த காலத்தில் சிரட்டையில் கங்கு வாங்கப் பக்கத்துக் காம்பராவுக்குப் போவோம். நெருப்பைக் கடன் கேட்டு வாங்கி வாழ்ந்தவர்கள் நாங்கள்.

ஒன்பதாம் காம்பரா தாத்தா புது வீட்டுக் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார். விழுந்தது காலையில். மகள் மலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்வரைக்கும் அங்கேயே கிடந்தார். கூப்பிட்டிருக்கிறார். சுவர் நல்ல சுவர், கதவு நல்ல கதவு, சத்தம் வெளியே வரவில்லை. வைத்தியசாலையில் அவரைப் பார்க்கப் போனபோது, "லயத்துல விழுந்திருந்தா இந்நேரம் பத்துப் பேரு தூக்கியிருப்பானுக சேர்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, யோசித்துச் சொன்னார்.

இதைக் கேட்டு லயமே நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லயத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். புதிதாகக் கலியாணம் முடித்த பிள்ளைகள் தாய் தகப்பன் படுத்திருக்கும் காம்பராவில் முழங்கால் மடக்கிக் கிடந்தார்கள். வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் பொதுக் கழிப்பறைக்கு ராத்திரியில் துணை தேடினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், பக்கத்துக் காம்பராவில் குடித்துவிட்டுப் போடும் சத்தத்தில் வரலாற்றுப் புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் இன்று கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2018இல் டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகளோடு மகாத்மா காந்திபுரம் திறந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். 2023இல் எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரைக்கும் நடந்தபோதும், ஏராளமான குடும்பங்கள் வெள்ளைக்காரன் காலத்து லயங்களிலேயே இருந்தன. தனி வீடு நாங்கள் இரந்து வாங்கும் பிச்சை இல்லை. வரவேண்டிய கடன், அதுவும் மிகப் பிந்தி வருகிற கடன்.

ஆகவே கேள்வி லயமா, தனி வீடா என்பதில் இல்லை. லயத்தில் சுவர் தானாகச் செய்துகொண்டிருந்த வேலையைத் தனி வீட்டில் யார் செய்வது என்பதுதான் கேள்வி. நாம்தான் செய்ய வேண்டும். ஒற்றைச் சுவர் இருந்தவரைக்கும் அயலுக்கு என்று நாம் எந்த முயற்சியும் எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. பிடிக்கிறதோ இல்லையோ பக்கத்து வீட்டுக்காரன் நம் காதுக்குள் வாழ்ந்தான். இப்போது அயலைத் தேடிப் போக வேண்டும். எங்கள் வாழ்க்கையில் இது புதுப் பழக்கம்.

தாத்தா வீடு திரும்பிய பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். தனியாக இருக்கும் வயதானவர்கள் காலையில் எழும்பியதும் முன் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் சன்னலைப் பார்ப்பார்கள். மூடியிருந்தால் நின்று, கதவைத் தட்டி, பதில் வந்த பிறகுதான் நடப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு இரண்டு நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை. கூட்டம் போட்டுத் தலைவர் தெரிவு செய்து நடத்துகிற சமாச்சாரம் இல்லை இது. ஐந்தாம் காம்பரா அக்கா ஆரம்பித்தார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்னமும் அவர்களை நான் காம்பரா இலக்கத்தால்தான் குறிப்பிடுகிறேன் பாருங்கள். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் வாயில் வருகிறது. காம்பரா போய்விட்டது, வரிசை போகவில்லை.

வேலி விஷயத்தையும் சொல்ல வேண்டும். சொந்தக் காணி என்று ஒன்றைக் கண்டறியாதவர்கள் நாங்கள். 7 பேர்ச் கைக்கு வந்ததும் முதல் சண்டை ஒரு சாண் எல்லையில் வந்தது. தீக்குப் பிறகு மண்டபத்தில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள், மரத்தக்காளிக் கன்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் பேச்சை முறித்துக்கொண்டார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மண்ணே இல்லாதிருந்தவனுக்கு மண் கிடைத்தால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். பெரியவர்கள் நடுவே நின்று, நூல் பிடித்து அளந்து, கல் நட்டு முடித்துவைக்க வேண்டும். எல்லையைத் தீர்க்காமல் அன்பாக இருங்கள் என்று உபதேசம் பண்ணுவது பயன்படாது. எல்லை தெளிவாக இருந்தால்தான் அதைத் தாண்டிப் போய்ப் பழக மனம் வரும். நான் சொல்லிச் சொல்லி, எங்கள் வரிசையில் வேலி போட்டவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் ஆள் நுழைகிற அளவு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். ரோட்டுக்குப் போய்ச் சுற்றி வர வேண்டுமென்றால் அரைத் தேங்காய் வாங்க யாரும் வர மாட்டார்கள். அரைத் தேங்காய் வாங்க வராதவர் ஆபத்துக்கும் வர யோசிப்பார்.

புது வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

கடைசியாக, சாம்பலிலிருந்து புது வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்.

வீட்டுச் சாவியோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். காணி உறுதி கையில் வரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருங்கள். உறுதியில் வீட்டுப் பெண்ணின் பெயரும் இருக்கட்டும். அந்த வீட்டுக்கான சம்பளத்தில் பாதிக்கு மேல் அவளுடைய விரல் நுனியிலிருந்து வந்தது.

புது வீட்டைப் பழைய வீடாக்க அவசரப்படாதீர்கள். இருந்த மாதிரியே அலமாரி, இருந்த மாதிரியே சாமிப்படம் என்று கடன் வாங்கி நிரப்பியவர்கள் கடனோடுதான் இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் வருடம் கதிரை இரண்டுதான் இருந்தது. யாருக்கும் குறைந்துவிடவில்லை. முதலில் பிள்ளை படிக்க ஒரு மேசையும் வெளிச்சமும் பாருங்கள், மற்றதெல்லாம் தன் காலத்தில் வரும்.

எரிந்த வீட்டைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் பேசுங்கள். மறைத்தால் அவர்கள் தாங்களாகக் கற்பனை செய்துகொள்வார்கள், கற்பனை நடந்ததை விடப் பயங்கரமாக இருக்கும். எப்படி எரிந்தது, யார் யாரைப் பிடித்து இழுத்தார்கள், யார் கொடுத்த போர்வையில் படுத்தோம் என்று சொல்லுங்கள். ஹாமதுரு கொடுத்த போர்வையையும் பள்ளிவாசல் சோற்றையும் மறந்து வளர்கிற பிள்ளை, நாளைக்கு யார் எதைச் சொல்லித் தூண்டினாலும் கல்லெடுத்து எறியும்.

அடுத்த தோட்டத்தில் லயம் எரிந்தால் முதலில் போய் நிற்பது நீங்களாக இருங்கள். எங்கள் வரிசைக்காரர்கள் இப்போது போகிறார்கள். கையில் அரிசி மூட்டைக்கு முன்னால் ஒரு வெற்றுக் கொப்பி இருக்கும். ஐந்தாம் காம்பரா அக்கா கூடவே இரண்டு படங்கு மடித்து எடுத்து வைப்பார். வாங்கிய இடத்தில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறவனுக்கு எந்த வீடும் ஒட்டாது. தன் வீட்டு வாசலிலிருந்து இன்னொருவருக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றுதான் அது அவனுடைய வீடாகிறது. எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

வீடுகளுக்கு நடுவே விட்ட வெளி தீயை நிறுத்துவதற்கு. தீ அங்கேயே நிற்கட்டும். மனிதர் நிற்கக் கூடாது, தினமும் ஒரு தடவையாவது அதைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போய்வர வேண்டும். காரணம் வேண்டுமென்றால் உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள், போதும்.